ஆறாம் மேசை அணையக் கூடாது

காலை பத்து நாற்பதுக்கு இரண்டாம் மேசையின் திரை, பேசிக்கொண்டிருந்தவள் வாயை மூடுவதற்குள் தன்னை மூடிக்கொண்டது. சமையலறையில் தீப்பிடித்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த ஆளின் குரல் பாதியில் அறுந்தது. நல்லவேளை, அவர் மறுபடி கூப்பிட்டார், அழைப்பு வேறு மேசையில் விழுந்தது, வண்டி போய்விட்டது. நான்கு நிமிடம் கழித்து எட்டாம் மேசையும் அதே மாதிரி மூடிக்கொண்டது. இந்தத் தடவை நல்லவேளை என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மேற்பார்வையாளர் கீழ்த்தளத்துக்குப் போன் அடித்து, "பூட்டைக் கூப்பிடுங்க" என்றார்.

பூட்டு என்பது அந்த அவசர அழைப்பு நிலையத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு மேல்தளத்துக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். வந்த நாள் முதல் எதையாவது பூட்டிக்கொண்டே இருந்தாள். பென் டிரைவ் செருகும் துளையைப் பூட்டினாள், பாட்டுக் கேட்கும் தளங்களைப் பூட்டினாள், தன் அறையிலிருந்தே மேல்தள மெஷின்களுக்குள் நுழைகிற வழியையும் பத்திரம் என்று சொல்லிப் போன வருடம் தானே பூட்டினாள். கெட்டவள் இல்லை. பூட்டினால் திருட்டுப் போகாது என்று உண்மையாகவே நம்புகிற ரகம்.

போன் வந்தபோதே அது தன் வேலைதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஏனென்றால் ஒன்பதரை மணிக்கு ஒரு புது விதியை அவள்தான் ஏற்றியிருந்தாள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் திறந்தே கிடக்கும் எந்த லாகினும் முப்பது நிமிட எச்சரிக்கை கொடுத்துவிட்டுத் தானாக மூடிக்கொள்ளும் என்பது அந்த விதி. கீழ்த்தள அலுவலகத்துக்கு அது சரி. மேல்தளத்துக்கு ஆகாது என்பது அவளுக்கும் தெரியும். அங்கே ஒரு மெஷினில் புதிதாக நுழைந்து, வரைபடமும் போன் புரோகிராமும் எழுந்து வர முழுசாகப் பதினொரு நிமிடம் பிடிக்கும். அதனால்தான் அங்கே யாரும் லாக் ஆஃப் செய்வதே இல்லை. ஒருத்தி எழுந்ததும் அடுத்தவள் அதே சூடான நாற்காலியில், அதே லாகினில் உட்கார்ந்துவிடுவாள். இதையெல்லாம் யோசித்துத்தான் பணிப்பட்டியலில் இருந்த இருபத்து நான்கு பேரின் பெயரையும் விதியிலிருந்து விலக்கி வைத்திருந்தாள்.

ஆனால் மேல்தளத்தில் ஒருத்தரும் அவரவர் பெயரில் உட்காரவில்லை. எட்டு மேசையிலும், மூன்று வருடத்துக்கு முன்பு ஓய்வு பெற்றுப் போன ஒரு மேற்பார்வையாளரின் பெயர்தான் திறந்து கிடந்தது. மலைப்பகுதி வரைபடம் அவர் பெயருக்கு மட்டும்தான் திறக்கும். அதை மற்றவர்களுக்கும் திறந்துவிடச் சொல்லி மேலிடத்துக்கு எழுதி ஏழு மாதம் ஆகிறது. இப்படி ஊரான் பெயரில் உட்காருவதைப் பற்றிப் பூட்டு புகார் எழுதினாள். புகாரைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஒரு தாளில், இனிமேல் அவரவர் லாகினில்தான் வேலை செய்வோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டுப் பழையபடியே உட்கார்ந்தார்கள். பூட்டு மெஷினைப் பார்க்கவில்லை, தாளை நம்பினாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

கீழே இருந்தபடியே இரண்டு நிமிடத்தில் விதியைத் திரும்ப எடுத்துவிட்டாள். ஆனால் எடுத்தது எடுத்த இடத்தில்தான் இருக்கும். ஒவ்வொரு மெஷினும் தனக்குத் தோன்றுகிற நேரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கோ இரண்டு மணி நேரத்துக்கோ ஒரு தரம்தான் வந்து புது விதி இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போகும். கீழேயிருந்தே தள்ளிவிடலாம் என்றால் அந்த வழியையும் பூட்டியாயிற்று. தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கப் படியேறி ஓடினாள்.

மேலே மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"எல்லா மேசைத் திரையிலும் ஒரு பெட்டி வந்திருக்கு. நிமிஷம் ஓடிட்டிருக்கு. நாங்க என்னமோ அப்டேட்னு நினைச்சு ஓரமாத் தள்ளி விட்டுட்டோம்."

"யார் யார் லைன்ல இருக்காங்க?"

"மத்ததெல்லாம் பரவாயில்ல, வெட்டினா திரும்பக் கூப்பிடுவாங்க. புது அழைப்பையெல்லாம் பக்கத்து நிலையத்துக்குத் திருப்பிட்டேன். ஆறாம் மேசைதான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆறாம் மேசை அணையக் கூடாது."

ஆறாம் மேசையில் இருந்தது பூட்டின் நாத்தனார். கணவனின் அக்கா, இவளுக்கு அண்ணி. இரண்டு பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருகிறார்கள். புகார்க் கடிதம் போன நாளிலிருந்து நாற்பது நாளாக அண்ணி அவளோடு நேரில் பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டே, "தம்பி, உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு உன் பொண்டாட்டிகிட்ட" என்பாள். தம்பிக்காரன் பாவம், இரண்டு நாட்டுக்கு நடுவில் தபால்காரன் மாதிரி ஆகிப்போனான்.

அண்ணியின் காதில் இருந்தது ஒரு பெண்ணின் குரல். கோழித்தீவனம் ஏற்றிப் போகும் சின்ன வேன் ஓட்டுகிறவள். பனிமூட்டத்தில் மலைப்பாதையில் திருப்பம் தெரியாமல் வேன் சரிவில் உருண்டு புதருக்குள் போய்ச் சொருகிவிட்டது. இடது கை ஸ்டீயரிங்குக்குக் கீழே நசுங்கிக் கிடக்கிறது. வலது கையால் எப்படியோ எண்ணை அழுத்திவிட்டாள். அழுத்திய கையோடு போன் நழுவி அந்தப் பக்கத்து இருக்கைக்கு அடியில் போய்விட்டது. ஸ்பீக்கரில் இருப்பதால் பேச்சு கேட்கிறது, அவ்வளவுதான். அழைப்பு அறுந்தால் அவளால் மறுபடி கூப்பிடவும் முடியாது, வருகிற அழைப்பை எடுக்கவும் முடியாது. எந்த இடம் என்பதும் அவளுக்குத் தெரியாது. டவரை வைத்துப் பார்த்தால் ஏழு கிலோமீட்டர் பாதைக்குள் எங்கேயோ இருக்கிறாள். மீட்பு வண்டி சைரன் போட்டுக்கொண்டு மெதுவாகப் போகும், அது காதில் விழுகிற இடத்தில் அவள் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. வண்டி மலையடிவாரத்துக்கு வரவே இன்னும் கால் மணி நேரம் ஆகும்.

அண்ணியின் திரை மூலையில் சாம்பல் நிறப் பெட்டி. இருபத்தொரு நிமிடம் என்று காட்டியது.

"தூங்கக் கூடாதும்மா. உங்க வண்டி நம்பரைத் தலைகீழாச் சொல்லுங்க பாப்போம்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தாள். பூட்டைப் பார்த்ததும் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள். நாற்பது நாள் மௌனத்தை அந்த இடத்தில் உடைத்தாள்.

"இது உன் வேலையா?"

"ஆமா அண்ணி."

"நிறுத்து."

அவ்வளவுதான். மறுபடி, "ம், சொல்லுங்கம்மா, கேக்குது" என்று போனுக்குத் திரும்பிவிட்டாள்.

மேற்பார்வையாளர் பின்னாலேயே வந்தார். "வேற மேசைக்கு லைனை மாத்திடலாமே?"

"இந்தப் போன்ல அந்த வசதி இல்ல சார். விழுந்த மேசையிலதான் இருக்கும்."

நான்காம் மேசை சும்மா இருந்தது. அதிலும் அதே பெட்டி, பதினெட்டு நிமிடம். ஆறாம் மேசையில் கை வைப்பதற்கு முன்னால் இங்கே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். விதிகளை இப்போதே வாங்கிக்கொள் என்று மெஷினுக்குச் சொல்லும் கட்டளை ஒரே ஒரு வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடிப்பாள். இப்போது மூன்று தரம் தப்பாக அடித்தாள். மெஷின் யோசித்தது. அப்புறம் கேட்டது: சில மாற்றங்கள் லாக் ஆஃப் செய்தால்தான் அமலுக்கு வரும், லாக் ஆஃப் செய்யலாமா? ஆம் என்றால் ஒய், இல்லை என்றால் என். ஒன்பது வருடமாக இந்தக் கேள்வி வந்தால் அவள் விரல் தன்பாட்டுக்கு ஒய்யை அழுத்திவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விடும். இன்றைக்கு வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு 'என்' விசையை அழுத்தினாள்.

புது விதி வந்துவிட்டது என்று மெஷின் சொன்னது. பெட்டி போகவில்லை. ஓட ஆரம்பித்துவிட்ட நிமிடத்தை அது நிறுத்தத் தயாராக இல்லை. பதினைந்து, பதினாலு என்று அதன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

ஒரு பொம்பளையை நான் கொல்லப் போகிறேன் என்று பூட்டு நினைத்தாள். அதைச் சுற்றி வளைத்து நினைக்கக்கூட அவளுக்கு அவகாசம் இல்லை. அவள் முகம் தெரியாது, ஊர் தெரியாது, பிள்ளை குட்டி உண்டா என்று தெரியாது. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு கொல்லப் போகிறேன். பக்கத்தில் அண்ணியின் குரல் கேட்டது. "வலிக்குதுன்னா வலிக்குதுன்னு சொல்லிட்டே இருங்க, அடக்காதீங்க. எனக்குக் கேக்கணும்."

அப்போதுதான் முகப்பு ஞாபகம் வந்தது. திரையில் கீழே பட்டையையும் மேலே ஐகான்களையும் காட்டுகிறதே, அதுவும் ஒரு புரோகிராம்தான். அதை மட்டும் நிறுத்திவிட்டு மறுபடி எழுப்பினால், எழும்போது விதிகளைப் புதிதாகப் படிக்கும். பெட்டியும் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிற சமாச்சாரம்தான். ஆளை லாக் ஆஃப் செய்யாமலே வேலை முடியலாம். முடியலாம் என்றுதான் சொல்ல முடியும். உயிரோடு ஒரு அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் அப்படிச் செய்து பார்த்ததில்லை.

"சார், உங்க செல்லுல இருந்து இந்த மேசைக்கு அடிங்க. அடிச்சுட்டு ஏதாவது பேசிட்டே இருங்க."

அவர் அடித்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் தன் வீட்டு விலாசத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். பூட்டு முகப்பை நிறுத்தினாள். திரை மொட்டையானது. வரைபடம் மூடிக்கொண்டது. காதில் அவர் குரல் செத்தது. ஒன்பது விநாடி எதுவும் இல்லை. பிறகு பட்டை வந்தது, ஐகான்கள் வந்தன, விலாசத்தின் தெருப்பெயர் காதில் விழுந்தது. மூலையில் பெட்டி இல்லை.

ஆனால் ஒரு மேசையை நம்பி இறங்குகிறவள் இல்லை அவள், தாளை நம்பிய புத்தி காலையோடு போய்விட்டது. அழைப்பு முடிந்து சும்மா இருந்த மூன்றாம் மேசைக்கு ஓடினாள். அதே மாதிரி அவரை அடிக்கச் சொன்னாள், அதே கட்டளை, அதே மொட்டைத் திரை. ஒன்பது விநாடி ஆயிற்று, பதினைந்து ஆயிற்று. பட்டை வந்தது, குரல் வரவில்லை. மேற்பார்வையாளர் செல்லைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"கட் ஆயிடுச்சும்மா."

"இன்னொரு தரம் அடிங்க சார்."

"இன்னொரு தரம் அடிச்சா அது புது அழைப்பு. அவளுக்கு இன்னொரு தரம் இல்லையே."

ஏன் ஒன்று பிழைத்தது, ஏன் ஒன்று போனது என்று கண்டுபிடிக்க ஒரு நாள் வேண்டும். ஆறாம் மேசையில் ஐந்து நிமிடம் இருந்தது.

அவள் அண்ணிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். அண்ணி ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

"அண்ணி, ஒண்ணும் செய்யாம விட்டா அஞ்சு நிமிஷத்துல நிச்சயமாக் கட் ஆயிடும். நான் ஒண்ணு செஞ்சா கட் ஆகாமலும் இருக்கலாம், ஆகவும் ஆகலாம். ரெண்டு மேசையில பாத்தேன். ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு போயிடுச்சு. நின்னாலும் கொஞ்ச நேரம் உங்க குரல் அவங்களுக்குக் கேக்காது. மேப்பும் போயிடும்."

அண்ணி அவளை ஒரு கணம் பார்த்தாள். வீட்டில் பார்க்கிற பார்வை இல்லை அது. பிறகு நோட்டை இழுத்து, வரைபடத்திலிருந்து வளைவுகளின் எண்ணையும் கிலோமீட்டர் கற்களையும் மடமடவென்று எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே போனில் பேசினாள்.

"அம்மா, இங்க பாருங்க. இப்ப லைன்ல கொஞ்ச நேரம் சத்தம் இருக்காது. நான் எங்கயும் போகல. நீங்க ஒண்ணுல இருந்து சத்தமா எண்ணிட்டே இருங்க. இருபது எண்றதுக்குள்ள வந்துடுவேன். சரியா? நிறுத்தக் கூடாது."

தேய்ந்த குரல் ஒன்று கேட்டது. "வந்துடுவீங்கல்ல?"

"வந்துடுவேன். எண்ணுங்க."

பூட்டு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். முதலில் புது விதியை வாங்கும் கட்டளை. கேள்வி வந்தது, இந்தத் தடவையும் அதே என். அடுத்தது முகப்பு. ஹெட்செட்டிலிருந்து கசிந்து வந்த குரல் நாலு, அஞ்சு, ஆறு என்றது. ஆறோடு நின்றது. திரை மொட்டையாகிவிட்டது.

ஒன்பது விநாடியில் வரவில்லை. பதினைந்தில் வரவில்லை. இரண்டாம் மேசைக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அண்ணி இரண்டு கையாலும் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டு, உதட்டை மட்டும் அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது தாண்டிவிட்டது என்று பூட்டுக்குத் தெரிந்தது. போய்விட்டது, மூன்றாம் மேசை மாதிரியே போய்விட்டது, இனி எந்தக் கட்டளை அடித்தாலும் திரும்பி வராது என்று தெரிந்தது. பட்டை வந்தது. ஐகான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மூலையில் பெட்டி இல்லை. அதனால் என்ன, வெறும் மெஷினைக் காப்பாற்றி என்ன செய்ய.

அண்ணியின் உதடு நின்றது. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. பேச வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. ஹெட்செட்டைக் கழற்றிப் பூட்டின் தலையில் மாட்டினாள்.

காதுக்குள் அந்தக் குரல் இருந்தது. "முப்பத்தாறு" என்றது. மூச்சு வாங்கியது. "முப்பத்தேழு."

"பேசு" என்றாள் அண்ணி. "எனக்கு வாய் வரல. நான் ரேடியோவைப் பாக்கறேன், வளைவெல்லாம் எனக்குத்தான் தெரியும். நீ விடாம அவகிட்டப் பேசு." நோட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரின் மேசைக்கு ஓடினாள்.

பூட்டு ஒன்பது வருடத்தில் ஒரு அழைப்பைக்கூடக் காதில் வாங்கியதில்லை. மெஷின்களோடு மட்டும்தான் பழக்கம். என்ன சொல்வது என்று தெரியாமல் மனதில் இருந்ததைச் சொன்னாள்.

"என்னை மன்னிச்சுடுங்க."

எண்ணிக்கை நின்றது. "யாரு? அந்த அக்கா எங்க?"

"இங்கதான் இருக்காங்க. உங்களத் தேடி வர்ற வண்டிகிட்டப் பேசறாங்க. நான் அவங்க... நான் அவங்க தம்பி பொண்டாட்டி."

"எதுக்கு மன்னிப்பு?"

"லைன் கொஞ்ச நேரம் போயிடுச்சு" என்றாள். "இனிமே போகாது."

"இருபதுன்னாங்க. இருபது ஆயும் வரல. இனிமே வர மாட்டாங்கன்னு நினைச்சேன்." குரல் உடைந்தது. "ஆனாலும் எண்ணினேன். வேற என்ன பண்றது. இனிமே போகாதுல்ல? சத்தியமா?"

எந்த மெஷினுக்கும் யாரும் சத்தியம் பண்ண முடியாது. அது அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டிடத்தில் இல்லை. அரை மணி நேரத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் எழுத்துப்பூர்வமாக மறுத்திருப்பாள்.

"சத்தியமா. நீங்க வைங்கன்னு சொல்ற வரைக்கும் வைக்க மாட்டேன்."

அதற்கப்புறம் இருபத்தாறு நிமிடம் பேசினாள். கோழிக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தீவனம் வேண்டும் என்று கேட்டாள். நாத்தனாரோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி இருக்கும் என்று சொன்னாள், உப்புக் கதையைச் சொன்னாள். அந்தப் பெண் அந்த வலியிலும் ஒரு தரம் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக முனகினாள். நடுவில் இரண்டு தரம் குரல் அடங்கிப்போனது. இரண்டு தரமும் பூட்டு அறையே திரும்பிப் பார்க்கும்படி, "எண்ணுங்க, எண்ணுங்க" என்று கத்தினாள். பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் இரண்டு கையையும் விசைப்பலகையிலிருந்து எட்ட, மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏதோ கேக்குது" என்றது குரல். "ரொம்பத் தூரத்துல. ஊன்னு இழுக்குது."

"கேக்குதாம் அண்ணி."

அண்ணி ரேடியோவில் வண்டியை நிற்கச் சொன்னாள். நோட்டில் விரலை ஓட்டி, பதினோராவது வளைவு, இன்னும் மெதுவாக மேலே போங்கள் என்றாள். "இப்ப?" என்று பூட்டு போனில் கேட்டாள். "கிட்ட." "இப்ப?" "ரொம்பக் கிட்ட. தலைக்கு மேல." வண்டி நின்றது. ஆட்கள் கயிற்றோடு இறங்கினார்கள். பூட்டின் காதில் முதலில் புதர் முறிகிற சத்தம், பிறகு கண்ணாடி, பிறகு ஒரே நேரத்தில் மூன்று ஆண்களின் குரல். கை விடுபட்டபோது அந்தப் பெண் போட்ட கூச்சலைக் கேட்டுப் பூட்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ இருக்கைக்கு அடியிலிருந்து போனை எடுத்தார்கள். "கண்ட்ரோல், ஆளு நினைவோட இருக்காங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க வைக்கலாம்."

பூட்டு வைக்கவில்லை.

"ஹலோ? கண்ட்ரோல்? வைக்கலாம்."

"அவங்க சொல்லட்டும்" என்றாள்.

"என்னது?"

"அவங்க சொன்னாத்தான் வைப்பேன். அவங்ககிட்டக் குடுங்க."

அந்த ஆள் யாரிடமோ என்னவோ முணுமுணுத்தான். துணி உரசியது. மூச்சு கேட்டது. அவ்வளவு நேரம் எங்கேயோ தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்த குரல் இப்போது வாயருகே கேட்டது.

"அக்கா, வெச்சுடுங்க" என்றது. "போதும். வெச்சுடுங்க."

அண்ணி வந்து பக்கத்தில் நின்றாள். பூட்டு மௌஸை எடுத்துச் சிவப்புப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். அழுத்தாமல் இரண்டு தரம் திரும்ப இழுத்துக்கொண்டாள். அண்ணி தன் கையை அவள் கைமேல் வைத்தாள். இருவருமாகச் சேர்ந்து அழுத்தினார்கள்.